சிரிப்பு லேசானதா?

அழவைத்தால் கலை, சிரிக்கவைத்தால் வெறும் பொழுதுபோக்கு என்று நம் விமரிசகர்களில் பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை.

1964-இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யைப் பாருங்கள். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மலையடிவாரம் போய்வந்த குளிர்ச்சி அதில் இருக்கிறது. ஆழியாற்றுக் காட்சிகளும் விசுவநாதன்-ராமமூர்த்தியின் மெட்டுகளும் அந்தக் குளிர்ச்சிக்குத் துணை. ஆனால் படத்தின் உயிர் பாலையாவின் முகத்தில் இருக்கிறது. படம் எடுக்கப் பணம் கேட்கும் மகன் நாகேஷ், அப்பாவுக்குத் திகில் கதை சொல்கிறார். பயமுறுத்தும் ஓசைகள்கூட அவர் வாயிலிருந்தே வருகின்றன. கதையில் ஒன்றுமில்லை, கேட்பவர் நடுங்குகிறாரே, அதுதான் ஹாஸ்யம்.

இந்த அப்பா யார்? பணக்காரச் சம்பந்தம் என்றதும் வாயெல்லாம் பல்லாகி, கடைசியில் ஏமாறுகிறவர். நம் வீடுகளில் இவரைக் காணாதவர் உண்டா? இவரைத் திருத்த எத்தனையோ படங்கள் கண்ணீர் வடித்துப் பார்த்தன. இந்தப் படம் உபதேசம் செய்யவில்லை. கொட்டகையில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்த அப்பாக்கள், தங்களையே பார்த்துச் சிரிக்கும்படி செய்துவிட்டது. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் துணியாததை நோகாமல் சொல்வது லேசான காரியமல்ல.