ஆறு வார வெல்வெட்

தில்லியில் வெல்வெட் உடுத்த ஆண்டுக்கு ஆறு வாரம் கிடைத்தால் அதிகம். தசரா முடியும்வரை வியர்வை விடாது. டிசம்பர் பிறந்துவிட்டால் எதை உடுத்தினாலும் மேலே கோட்டும் மஃப்ளரும் ஏறிவிடும். உள்ளே இருப்பது வெல்வெட்டா வாயிலா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. நடுவில் வரும் இளங்குளிரில்தான், கிட்வாய் நகரில் மாலை நடை போகும்போது ஏழிலைப்பாலைப் பூவின் வாசனை தெருவையே நிறைக்கும் நாட்களில்தான், துணியின் கனம் உடம்புக்கு இதமாக இருக்கும். சென்னையில் ஐப்பசி என்றால் அடைமழை. அலமாரியில் இருக்கும் வெல்வெட்டுக்குக்கூடப் பூசணம் பிடித்துவிடும். இங்கே அதே ஐப்பசி காய்ந்து, வெளிச்சம் சாய்ந்து, அடர்ந்த நிறங்களைத் தூக்கிக் காட்டுகிறது. ஜப்பானிய லோலிட்டா உடையை அதன் இலையுதிர்காலத் துணிகளோடு உடுத்திப் பார்க்க நம் நாட்டில் இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

லோலிட்டா என்றதும் அந்தப் பெயருள்ள நாவலை நினைத்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது கழுத்துவரை மூடிய சட்டை, முழங்காலை ஒட்டிக் குடையாக நிற்கும் பாவாடை, லேஸ், தலைக்குத் தொப்பியோ ரிப்பனோ என்று ஐரோப்பியப் பழைய உடைகளை மனதில் வைத்து, டோக்கியோவின் ஹராஜுகு தெருக்களில் இளம்பெண்கள் தங்களுக்காகவே வளர்த்தெடுத்த உடைக்கலை. ‘பேபி, தி ஸ்டார்ஸ் ஷைன் பிரைட்’ நிறுவனம் 1988-இல் தொடங்கியது. ‘கோதிக் அண்ட் லோலிட்டா பைபிள்’ இதழ் 2001-இல் வந்தது. 2009-இல் ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் மிசாக்கோ அவோகி என்ற பெண்ணை இந்த உடைக்காகவே பண்பாட்டுத் தூதராக நியமித்தது. அவர் தொழிலால் ஒரு செவிலியர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நாள் முழுதும் சீருடையில் உழைக்கும் ஒருத்தி, ஓய்வு நாளில் இவ்வளவு சிரத்தையாக உடுத்துகிறாள் என்றால் அதற்குப் பின்னால் இருப்பது வெறும் விளையாட்டு அல்ல.

இந்த உடையின் உயிர் பாவாடையின் வடிவத்தில் இருக்கிறது. இடுப்பிலிருந்து மணி போலக் கவிந்து நிற்க வேண்டும், அல்லது சரிவாக விரிந்து இறங்க வேண்டும். அதைத் தாங்குவது உள்ளே போடும் வலைப்பாவாடை. லெஹங்கா கடைக்காரர்கள் கேன்கேன் என்று சொல்வதும் இதே வேலையைச் செய்கிறது; ஆனால் கெட்டி நெட்டில் தைத்த கேன்கேன் காலைக் கீறும், மேல்துணியையும் அரிக்கும். ஆர்கன்சாவில் அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்து, கடைசி அடுக்கை மெல்லிய பருத்தியில் முடித்தால் அந்தத் தொல்லை இல்லை. வெயில்கால வாயிலுக்கு இரண்டு அடுக்கு போதும். வெல்வெட்டுக்கு அது போதாது. கனத்த துணி உள்பாவாடையை அமுக்கிவிடும். மணி சப்பையாகி, உடுத்தியவள் குள்ளமாகத் தெரிவாள். துணியின் எடையைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் உள்பாவாடையைத் தீர்மானிக்க வேண்டும்.

வெல்வெட்டிலும் எல்லாம் ஒன்றல்ல. இரண்டு துணிகளை எதிரெதிரே சேர்த்து நெய்து, நடுவில் ஓடும் பாவு நூலை அறுத்துப் பிரிக்கும்போது இரண்டு பக்கமும் மயிர் நிற்பது வெல்வெட். ஊடையில் வரும் பருத்தி நூலை அறுத்துக் குட்டையான மயிர் எழுப்புவது வெல்வெட்டீன். லோலிட்டாவுக்கு நான் வெல்வெட்டீனைத்தான் சொல்வேன். ஒளியை அது திருப்பி அடிப்பதில்லை, உள்ளே வாங்கிக்கொள்கிறது. சந்தையில் குவிந்து கிடக்கும் பாலியெஸ்டர் வெல்வெட் மினுக்கும். அந்த மினுக்கலில் பக்கத்தில் வைத்துத் தைத்த பருத்தி லேஸ் மங்கிப் போகும். கையால் ஒரு முறை மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள், பிறகு கீழிருந்து மேலே. ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் எதிர்க்கும். மயிர் மேல்நோக்கி நிற்கும்படி வெட்டினால் அதே அரக்கு நிறம் இன்னும் ஆழமாகத் தெரியும். ஆனால் எல்லாத் துண்டும் ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும். ஒரு கை மட்டும் திசைமாறிப் போனால் அது வேறு துணியில் தைத்தது போலிருக்கும். இதனால் துணி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அதில் கணக்குப் பார்க்கக் கூடாது. இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்கவும் கூடாது, பின்புறமிருந்து ஆவி காட்டினால் போதும்.

இந்தத் துணியை இடுப்பில் மூன்று மடங்கு சுருக்கினால் மூட்டை கட்டியது போலாகிவிடும். அதனால் வெல்வெட்டுக்குச் சுருக்கு வேண்டாம், கலி வைத்துத் தைப்பதுதான் சரி. மேலே குறுகிக் கீழே விரியும் துண்டுகளை இணைத்துத் தைக்கும் இந்த முறை தில்லித் தையல்காரர்களுக்குக் கைவந்த கலை. கலிதார் குர்தா தைத்த கை லோலிட்டாவின் சரிவுப் பாவாடையையும் அளவு பிசகாமல் தைக்கும்.

கார்டுராயில் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும்: வரி. அங்குலத்துக்கு எட்டு வரி ஓடும் தடித்த கார்டுராய் கோட்டுக்கு. பதினாறுக்கு மேல் ஓடும் மெல்லிய ரகம் பாவாடைக்கு. காப்பிப்பொடி நிறத்தில், சட்டைக்கு மேல் போடும் கையில்லாத மெல்லிய கார்டுராய் ஜம்பர் ஸ்கர்ட், உள்ளே தந்த நிறப் பருத்திச் சட்டை. இதைவிட அடக்கமான அழகை நான் இந்த உடையில் பார்த்ததில்லை.

சுருக்கு வைத்த பாவாடைக்குப் பட்டும் கட்டம் போட்ட துணியும்தான். லோலிட்டாவில் புகழ்பெற்ற ஒரு வகை, கீழோரத்தில் சித்திரம் ஓடும் பார்டர் அச்சுத் துணி. சித்திரம் துணியின் நீளவாக்கில், கரையை ஒட்டி ஓடும். ஆகவே அதை வட்டமாக வெட்ட முடியாது. கரையைக் கீழே விட்டு, துணியின் நீளத்தை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து சுருக்க வேண்டும். 28 அங்குல இடுப்புக்கு மூன்று மடங்கு என்றால், தையலுக்கு விடுவதோடு சேர்த்து, சுமார் இரண்டே கால் மீட்டர் துணி. இதைப் படித்ததும் தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் பட்டுப்பாவாடை கண்ணில் நிற்கும். காஞ்சிபுரத்தில் கோர்வை போட்டுக் கரையைத் தனி நிறத்தில் இணைத்து நெய்த துணியும் இதே கணக்கில்தான் பாவாடையாகிறது. டோக்கியோ பெண்ணும் நம் பாட்டியும் ஒரே காரணத்துக்காக, கரையை வெட்டக்கூடாது என்பதற்காக, ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

என் அக்கா மகள் தன் பழைய அரக்குப் பட்டுப்பாவாடையைக் கொண்டுவந்து, “சித்தி, இதை வெட்டாம ஜே.எஸ்.கே. ஆக்க முடியுமா?” என்று கேட்டாள். ஜம்பர் ஸ்கர்ட்டைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். வளர வளர இறக்கிவிடலாம் என்று அக்கா பிடித்து வைத்த டக் மூன்றும் அதில் அப்படியே இருந்தன. பிரித்தோம். துணி நீண்டது, ஆனால் ஒவ்வொரு மடிப்பு இருந்த இடத்திலும் பட்டு நசுங்கி, வெளிறிய கோடு விழுந்திருந்தது. அந்தக் கோடுகளின் மேலேயே அரை அங்குல தந்த நிற லேஸை மூன்று வரிசையாக ஓட்டினோம். லோலிட்டாவில் கீழோரத்துக்கு மேல் லேஸ் வரிகள் ஓடுவது வழக்கம்தான் என்பதால், வேண்டுமென்றே வைத்தது போல அமைந்துவிட்டது. மேற்பகுதிக்குப் பட்டு போதவில்லை. அதே நிறத்தில் வெல்வெட்டீன் வாங்கித் தைத்தோம். மங்கலான வெல்வெட்டீன் மேலே, மின்னும் பட்டு கீழே. ஒரே அரக்கு இரண்டு குரலில் பேசியது.

அரக்கு, காப்பிப்பொடி, கடுகு மஞ்சள், பாட்டில் பச்சை, கத்தரிப்பூ: லோலிட்டாவின் இலையுதிர்கால நிறங்கள் எல்லாமே நம் புடவைக் கடையில் காலங்காலமாகப் புழங்குபவை. செட்டிநாட்டுக் கண்டாங்கியில் கடுகு மஞ்சளும் அரக்கும் கட்டம் கட்டி வருவதைப் பாருங்கள். ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை ஜப்பானியர்களுக்கு இலையுதிர்காலச் சீருடை மாதிரி. தில்லியின் அக்டோபருக்குக் கம்பளி அதிகம். கண்டாங்கியின் தடித்த பருத்திதான் அளவு. லைனிங் மட்டும் கொடுக்க வேண்டும். பக்கத் தையலில் கட்டங்கள் கோடு தவறாமல் சேர்கின்றனவா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அது சேராத உடையில் எத்தனை லேஸ் இருந்தும் பயனில்லை.

கிட்வாய் நகர்க்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை: தில்லி ஹாட் நடை தூரத்தில் இருக்கிறது. 1994-இல் திறந்த இந்தச் சந்தையில் கடைகள் கைவினைஞர்களுக்குள் முறை வைத்து மாறிக்கொண்டே இருக்கும். குஜராத்திலிருந்து மஷ்ரூ நெசவாளர்கள் வந்திருந்தால் விட்டுவிடாதீர்கள். வெளிமுகத்தில் பட்டு, உடம்பைத் தொடும் பக்கத்தில் பருத்தி. சாட்டின் நெசவின் பளபளப்பும் வேண்டும், வேர்க்கவும் கூடாது என்றால் இதற்கு ஈடு கிடையாது. நெடுங்கோடு போட்ட மஷ்ரூவைச் சுருக்கும்போது கோடுகள் இடுப்பில் நெருங்கிக் கீழே விலகி, பாவாடையின் விரிவை இன்னும் கூட்டிக் காட்டும்.

லேஸ் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். பால் வெள்ளை வேண்டாம், தந்த நிறம் வேண்டும். தீபாவளிக்குப் பிறகு தில்லிக் காற்றில் வெள்ளை ஒரு நாள்கூடத் தாங்காது. அடர்ந்த நிறங்களுக்குப் பக்கத்தில் அது கண்ணையும் குத்தும். நைலான் லேஸைத் தொடவே வேண்டாம். முடிந்தால் கழுத்துப்பட்டைக்காவது கையால் பின்னியது கிடைக்கிறதா என்று பாருங்கள். குமரி மாவட்டத்தில் திண்டின் மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்தது. பெண்கள் அந்தக் கூலியில் தங்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலை வாங்கிய வரலாறும் உண்டு. மார்பை மூடும் உரிமைக்காக 1859 அரசாணைவரை தோள்சீலைப் போராட்டம் நடந்த அதே மண். கழுத்துவரை மூடிய சட்டையில் அந்த லேஸைத் தைத்துப் போடும்போது அதன் பின்னால் யார் யார் கை இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

குளிர் கூடும்போது மேலே என்ன போடுவது? ஜப்பானியர்கள் கேப் போடுவார்கள். நான் காஷ்மீரி ஃபெரனைச் சொல்வேன். தோளிலிருந்து அகன்று இறங்குவதால் பாவாடையின் விரிவை அது நசுக்காது. தில்லா என்னும் சரிகை வேலை செய்த வெல்வெட் ஃபெரன் என்றால் கீழே சாதாரணக் கார்டுராய் போதும். இரண்டுமே ஆடம்பரமானால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். காலுக்கு, பள்ளிப் பெண்கள் போடும் வார் வைத்த கறுப்பு ஷூவும் முழங்கால்வரை பருத்தி சாக்ஸும். தலைக்கு நெற்றிச்சுட்டி, ராக்கொடி என்று கல்யாண நகைகளை எடுத்து வைக்கும் ஆசையைத் தவிர்க்க வேண்டும். உடை அத்தோடு மணப்பெண் அலங்காரமாகிவிடும். காப்பிப்பொடி நிறத்துக்கு, கிடைத்தால், கனகாம்பரம் ஒரு முழம் போதும். அந்த ஆரஞ்சு ஒன்றுதான் இலையுதிர்காலம் என்று சொல்லும். சுற்றிலும் வேம்பும் அரசும் பச்சையாகவே நிற்கும் ஊரில் அதற்கு வேலை இருக்கிறது. காது வளையத்துக்குப் பதில் சின்ன ஜிமிக்கி நன்றாகச் சேரும்.

இதெல்லாம் சரியாக அமைய வேண்டுமென்றால் துணியைப் புரட்டாசி பிறக்கும்போதே தைக்கக் கொடுத்துவிட வேண்டும். கொலு வைத்த பிறகு போனால் தையல்கார மாஸ்டர்ஜியின் மேஜையில் தீபாவளித் துணி, அதன்மேல் கல்யாண லெஹங்கா என்று குவிந்திருக்கும். நம் வெல்வெட் கைக்கு வரும்போது கோட்டுப் போடும் காலம் வந்துவிடும். துணியோடு உள்பாவாடையையும் எடுத்துப் போங்கள். அதைப் போட்டுக்கொண்டு நின்றுதான் நீளத்தை அளக்க வேண்டும். இல்லாமல் அளந்தால் கீழோரம் இரண்டு அங்குலம் மேலே ஏறிவிடும்.