கதையும் பொருளியலும்: பாலர்க்கு வாசித்துக் காட்டும் மூன்று நூல்கள்

ஆறு வயதுப் பாலர்க்குப் பொருளியல் கற்பிப்பதா என நகைப்போர் உளர். ஆயின், உண்ணும் உணவும் உடுக்கும் துணியும் எவரெவர் கையால் ஆயின என்பது பொருளியலின் முதல் வினா. அதனைப் பிள்ளை தானாகவே கேட்கின்றது. அமெரிக்கப் பள்ளிகளின் கீழ்வகுப்புக்களிலே இவ்வினாவுக்கு விடைகாணக் கதைநூல்களை உரத்து வாசித்துக் காட்டும் முறை கையாளப்படுகின்றது. கதை முடிந்ததும் பெரும்பாலும் ஒரு பயிற்சித்தாள் வரும். தாளின் நடுவே ஒரு கோடு; ஒருபுறம் உற்பத்தியாளர், மறுபுறம் நுகர்வோர். கதையில் வந்தோரைப் பிள்ளைகள் இருபுறமும் பிரித்தெழுதுதல் வேண்டும். எங்கள் ஆரம்பப் பிரிவிலும் இத்தகைய தாள்கள் புகுந்துவிட்டன. அவை கதைக்கு இசைந்தவைதாமா என்பதனை மூன்று நூல்களைக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

முதலாவது, சிறிய செங்கோழியின் கதை. 1874ஆம் ஆண்டிலே அமெரிக்கச் சிறுவர் சஞ்சிகையொன்றில் அச்சேறிய இக்கதை, பின்னர் எத்தனையோ வடிவங்களைப் பெற்றது. கோதுமைமணியைக் கண்டெடுத்த கோழி, விதைக்கவும் அறுக்கவும் அரைக்கவும் சுடவும் துணை வேண்டுகின்றது. அயற்பிராணிகள் ஒவ்வொரு முறையும் மறுக்கின்றன. பாண் வெந்து மணம் எழுந்ததும் எல்லாம் உண்ண வருகின்றன. அப்போது கோழி மறுக்கின்றது. உரத்து வாசித்தற்கு இதனினும் வாய்ப்பான கதை அரிது. மறுப்புரை திரும்பத் திரும்ப வருதலால், மூன்றாம் முறைக்குள் வகுப்பு முழுவதும் ஆசிரியரோடு சேர்ந்து கூறத் தொடங்கிவிடும். பயிற்சித்தாளின் கோட்டுக்கும் இக்கதை நன்கு பொருந்துகின்றது. அப்பொருத்தமே இதன் குறை. உழைப்பவர் ஓரினம், உண்பவர் வேறோரினம். முன்னவர் நல்லவர், பின்னவர் சோம்பேறிகள் என்னும் எண்ணமே பிள்ளை மனத்திற் பதிகின்றது. கதையின் பல வடிவங்களிலே கோழியோடு அதன் குஞ்சுகளும் பாணை உண்கின்றன. “குஞ்சுகள் என்ன வேலை செய்தவை, சேர்?” என்று என் வகுப்பிலே ஒரு சிறுமி கேட்டாள். உழைக்கும் வயதை எய்தாதவரும் உழைத்து ஓய்ந்தவரும் உண்ணும் உரிமை எங்கிருந்து வருகின்றது என்பதன்றோ அவள் கேட்டது? அதற்குச் செங்கோழியிடம் விடையில்லை.

இன்னொன்றுங் கூறல் வேண்டும். எங்கள் பிள்ளைக்குப் பாண் தெரியும். கோதுமைப் பயிர் தெரியாது. வேற்றுநாட்டிலே விளைந்த கோதுமை கப்பலேறித் திருகோணமலைக்கு வந்து, சீனக்குடா ஆலையில் மாவாகி, லொறியிலே பேக்கரியை அடைகின்றது. எல்லாத் தொழிலையும் தானே செய்யும் ஒரு கோழியைக் கொண்டு இத்தொடரை விளக்கல் இயலாது.

டொனால்ட் ஹோல் எழுதிப் பார்பரா கூனி சித்திரந் தீட்டிய மாட்டுவண்டிக்காரன் கதை 1979இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, சித்திரங்களுக்காகக் கல்டிகொட் பதக்கம் பெற்றது. நியூ ஹாம்ஷயர்க் குடியானவன் ஒருவன், ஆண்டு முழுவதும் குடும்பத்தார் செய்தவற்றிலும் விளைத்தவற்றிலும் எஞ்சியதை வண்டியிலேற்றி, பத்து நாள் நடந்து போர்ட்ஸ்மத் சந்தையை அடைகின்றான். மனைவி நெய்த சால்வை, மகள் பின்னிய கையுறை, மகன் செதுக்கிய விளக்குமாறு, உருளைக்கிழங்கு, தேன் யாவும் விலையாகின்றன. ஈற்றில் வண்டியும் மாடும் விலையாகின்றன. மாட்டின் மூக்கில் முத்தமிட்டு அதனை விற்கின்றான். இவ்விடத்தில் வகுப்பு அடங்கிவிடும். ஆசிரியர் விரைந்து பக்கத்தைப் புரட்டலாகாது; வீட்டுத் தொழுவத்திலே இளமாடொன்று உண்டென்பது பின்னரே வருகின்றது.

அவன் வாங்கியவை எவை? ஓர் இரும்புக் கேத்தல், மகளுக்கு ஊசி, மகனுக்குக் கத்தி, இரண்டு இறாத்தல் மிட்டாய். பயிற்சித்தாளின்படி இப்போது அவன் நுகர்வோன். ஆனால் ஊசியும் கத்தியும் அடுத்த ஆண்டின் பண்டங்களைச் செய்தற்குரிய கருவிகளல்லவா? நுகர்ந்து தீர்வது மிட்டாய் ஒன்றே. ‘எஞ்சியது’ என்னும் பொருள்படும் சொல்லைச் சற்றே அழுத்தி வாசித்தால், தாம் உண்டு உடுத்தது போகவே விற்றனர் என்பதனைப் பிள்ளைகள் உணர்வர். சால்வையை வாங்கியவள் யார், அதனை வாங்கப் பணம் எவ்வாறு பெற்றாள் என்பவற்றைக் கதை கூறாதது ஒரு குறையே. சுன்னாகம் சந்தைக்குத் தாயோடு சென்றுவந்த பிள்ளை அதனை நிரப்பிக்கொள்ளும்.

மூன்றனுள்ளும் சிறந்தது, சுவீடனைச் சேர்ந்த எல்சா பெஸ்கோவ் 1912இல் எழுதிச் சித்திரமுந் தீட்டிய ‘பெல்லேயின் புதிய உடை’ என்பதே என் கருத்து. செம்மறிக் குட்டியொன்றுக்கு உடையவனான பெல்லே என்னும் சிறுவனின் சட்டை குறுகிவிட்டது. அவன் குட்டியின் உரோமத்தைக் கத்தரித்துப் பாட்டியிடம் கொடுக்கின்றான். அவர் அதனைச் சிக்கெடுக்க, அவன் அவருடைய தோட்டத்திலே களை பிடுங்குகின்றான். மற்றைப் பாட்டி நூல் நூற்க, அவருடைய பசுக்களை மேய்க்கின்றான். வர்ணம் பூசுபவருக்குக் கடையிலிருந்து தைலம் வாங்கிக் கொடுத்து, எஞ்சிய காசுக்குச் சாயம் பெற்று, நூலுக்குத் தானே சாயமிடுகின்றான். தாய் நெய்யும்போது தங்கையைப் பார்த்துக்கொள்கின்றான். தையற்காரருக்காக வைக்கோல் வாரிப் பன்றிகளுக்குத் தீனியிடுகின்றான்.

இக்கதையைத் தாளின் எப்பக்கத்தில் எழுதுவது? பெல்லே உடுப்பவன், ஆயின் உடையின் ஒவ்வோர் இழையிலும் அவன் உழைப்புண்டு. களை நீங்கிய தோட்டத்தின் பயனைப் பெறும் பாட்டியும் அவ்வாறே இருபுறத்தவர். உற்பத்தியும் நுகர்ச்சியும் இருவகை மனிதரல்ல. ஒரே மனிதன் வெவ்வேறு வேளைகளில் ஏற்கும் நிலைகள். வேளை மாறுவதைக் காட்டும் ஆற்றல் கதைக்கு உண்டு, கோட்டுக்கு இல்லை. அதிலும், கேட்கப்படும் கதையிலே எவரும் முற்பக்கங்களைத் தாண்டிச் சென்று முடிவைக் காணமுடியாது. ஒரு வேலை முடிந்தே மறுவேலை வரும். உரத்து வாசித்தலை நான் வற்புறுத்துவது இக்காரணத்தாலேயே, உச்சரிப்புப் பயிற்சிக்காக மட்டுமன்று.

பெல்லேயின் கதையில் இரு பாட்டிமாரும் தாயும் செய்பவை வேலையென்றே மதிக்கப்பட்டு, வேலையாலேயே ஈடுசெய்யப்படுகின்றன. “அம்மா வேலை செய்வதில்லை, வீட்டில்தான் இருக்கின்றார்” என்று படிவம் நிரப்பப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதுமை. இந்நூலை வாசித்த மறுநாள், விடியற்காலையில் இடியப்பம் பிழிபவர் எப்பக்கம் என்று வகுப்பில் வாதம் எழுந்தது. நான் தலையிடவில்லை.

கலைச்சொற்களைப் பற்றியும் ஒரு சொல். ‘நுகர்வோர்’ என்பதை ‘வாங்குபவர்’ என்று விளக்குவாருளர். பெல்லே தன் உடையைக் கடையில் வாங்கவேயில்லை. முருங்கைக்காயைத் தன் வளவிலேயே பறித்துக் கறியாக்குபவர் பணம் கொடுப்பதுமில்லை. செய்பவர், பயன்படுத்துபவர் என்று முதலிற் கூறிக் கதைகளை வாசித்த பின்னரே நூற்சொற்களைத் தருதல் நன்று. ஈற்றுப் பக்கத்திலே பெல்லே புத்துடையோடு சென்று குட்டிக்கு நன்றி கூறுகின்றான். குட்டியையும் உற்பத்தியாளராக எழுதலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவ்வினா எழும்வரை பயிற்சித்தாள் மேசைக்குள் இருக்கட்டும்.