ஸஹ்வுப் பாடத்தில் விடுபட்ட மஃமூம்

எங்கள் வீடுகளில் தொழுகைப் புத்தகம் இல்லாத அலுமாரி அரிது. குர்ஆன் பிரதி, யாஸீன் கிதாப், மௌலூது கிதாப், அதற்கடுத்து அட்டை கிழிந்த ஒரு தொழுகைக் கையேடு. கவிதையையும் சிறுகதையையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம் இந்தக் கையேடுகளை எழுத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் நம்மில் பலர் மனப்பாடமாகும்வரை வாசித்த ஒரே தமிழ் உரைநடை இதுதான். வாழ்நாளில் ஒரு நாவலைக்கூடத் தொடாத என் உம்மா தொழுகைப் புத்தகத்தை எத்தனை தரம் வாசித்திருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை.

இந்த எழுத்துக்கு ஒரு மரபும் உண்டு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அறபுத் தமிழில் ‘மகானி’யையும் ‘ஃபத்ஹுத் தய்யா’னையும் எழுதிவைத்ததால், அறபு விளங்காத ஆணும் பெண்ணும் தம் மார்க்கச் சட்டத்தைத் தம் மொழியிலேயே படிக்க வழி பிறந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் மெல்லிய கையேடுகள் அந்த மரபின் பேரப்பிள்ளைகள். எனவே அவற்றை மரியாதையோடும், அதே நேரம் கண்ணைத் திறந்துகொண்டும் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது ஒரேயொரு பாடம்: ஸஜ்தா ஸஹ்வு, அதாவது தொழுகையில் மறதி ஏற்பட்டால் செய்யும் இரண்டு ஸுஜூதுகள். அந்தப் பாடத்தில் எனக்கொரு சொந்தக் கடனும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் தொழுவித்தவர் எனக்கு அலிஃப், பே சொல்லித் தந்த ஹஸரத். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஓர் அஸர் தொழுகையில் மூன்றாவது றக்அத்தில் எழும்பாமல் அத்தஹிய்யாத்துக்கு உட்கார்ந்துவிட்டார். நான் முதல் ஸஃப்பில், அவருக்கு நேர் பின்னால். மூன்றுதான் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஓதித் தந்த ஹஸரத்துக்கு நான் எப்படிப் பிழை சொல்வது? அவர் ஸலாம் கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் பள்ளி எழும்பியது. “மூணுதான் தொழுவிச்சிருக்கிய. ஒங்களுக்கு இனி ஏலாது ஹஸரத்” என்று ஒருவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். விடுபட்ட றக்அத்தை மட்டும் தொழுவிக்க ஹஸரத் எழும்பினார். “இல்ல, முழுக்கத் திரும்பத் தொழணும்” என்று இன்னொருவர் தடுத்தார். இரண்டு கட்சியாகிச் சத்தம் கூடியது. கடைசியில் முழுத் தொழுகையும் திரும்பத் தொழப்பட்டது. அந்த மாத நிர்வாகக் கூட்டத்தில் ஹஸரத்துக்கு ஓய்வு கொடுக்கத் தீர்மானித்தார்கள். ஒரு குடையும் ஒரு கிதாப் பையுமாக அவர் பஸ் ஏறியதைச் சந்தியில் சைக்கிளோடு நின்று பார்த்தேன்.

அன்றிரவு வீட்டுக் கையேட்டை எடுத்து ஸஹ்வுப் பாடத்தை வாசித்தேன். ‘நான் மறந்தால்’ என்ன செய்வதென்று அதில் இருந்தது. ‘இமாம் மறந்தால் நான்’ என்ன செய்வதென்று இல்லை. அது வேறொரு பாடத்தில், தொழுகையை முறிக்கும் காரியங்களுக்குக் கீழே, ஒரு வரியாகக் கிடந்தது: தேவை ஏற்பட்டால் ஆண்கள் ‘ஸுப்ஹானல்லாஹ்’ சொல்லலாம், பெண்கள் கைதட்டலாம். ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. அந்த ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது; அது எங்கே பயன்படும் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

இந்தக் கட்டுரைக்காக என்னிடமுள்ள ஏழெட்டுக் கையேடுகளை மறுபடி எடுத்து வாசித்தேன். நல்லதை முதலில் சொல்ல வேண்டும். சந்தேகம் பற்றிய சட்டத்தை இவை தெளிவாகச் சொல்கின்றன. மூன்றா நான்கா என்று தடுமாறினால் மூன்றென்று வை, இன்னொன்று தொழு, ஸலாத்துக்கு முன் இரண்டு ஸுஜூது செய். பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். ஷாபிஈ மத்ஹபில் எவற்றுக்கு ஸஹ்வு உண்டு, எவற்றுக்கு இல்லை என்பதையும் ஒழுங்காகப் பிரிக்கின்றன. முதல் அத்தஹிய்யாத்தும் ஸுபஹுடைய குனூத்தும் விடுபட்டால் உண்டு. ருகூவின் தஸ்பீஹோ, பாத்திஹாவுக்குப் பின் ஓதும் ஸூறாவோ விடுபட்டால் இல்லை. பர்ளு விடுபட்டால் ஸஹ்வு மட்டும் போதாது, விட்டதைத் திரும்பச் செய்தே ஆக வேண்டும். நடு இருப்பை மறந்து முழுதாக நிமிர்ந்து நின்றுவிட்டால் திரும்பி உட்காரக் கூடாது என்பதும் சரியாகவே இருக்கிறது. அறபு மத்ரஸாக்களில் ‘ஃபத்ஹுல் முஈன்’ ஓதியவர்களின் கைத்திறன் இதில் தெரிகிறது.

குறை எங்கே தொடங்குகிறதென்றால், சொல்லில். சில கையேடுகள் இதைக் ‘குற்றப் பரிகாரம்’ என்கின்றன. ஒன்றில் ‘தண்டனை ஸஜ்தா’ என்றே தலைப்பு. அபூ ஸயீத் அல்குத்ரீ (ரழி) அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸின் கருத்து அதுவல்ல. தொழுதவர் ஐந்து தொழுதிருந்தால் அந்த இரண்டு ஸுஜூதுகளும் தொழுகையை இரட்டைப்படையாக்கிவிடும். சரியாக நான்கே தொழுதிருந்தால் அவை ஷைத்தானின் மூக்கை மண்ணில் தேய்க்கும். மூக்கு உடைபடுவது ஷைத்தானுக்கு, தொழுகிறவனுக்கல்ல. நமது மத்ஹபில் இந்த ஸுஜூது சுன்னத்துத்தான். தனியே தொழுகிறவர் அதை விட்டாலும் தொழுகை பாழாகாது. ஆனால் ‘தண்டனை’ என்று எழுதிவிட்டால் வாசிக்கிறவன் மனதில் மறந்தவன் குற்றவாளியாகிறான். குற்றவாளிக்கு விசாரணை வேண்டும், தீர்ப்பு வேண்டும். எங்கள் பள்ளியில் அன்று நடந்தது அதுதான்.

இரண்டாவது குறை, கதையை வெட்டியது. இந்தச் சட்டங்கள் அட்டவணையாக இறங்கி வரவில்லை. சம்பவங்களாக வந்தன. நபி (ஸல்) அவர்களே தொழுவித்தபோது நடந்த சம்பவங்கள். இம்ரான் பின் ஹுஸைன் (ரழி) அறிவிப்பதைப் பாருங்கள். அதுவும் ஓர் அஸர் தொழுகை. அங்கும் மூன்று றக்அத்தில் ஸலாம். நபியவர்கள் எழும்பி வீட்டுக்குள் போய்விட்டார்கள். கிர்பாக் என்ற, கைகள் நீண்ட ஒருவர் போய் விஷயத்தைச் சொன்னார். நபியவர்கள் கோபத்தோடு, மேலாடை நிலத்தில் இழுபட, வெளியே வந்தார்கள். இவர் சொல்வது உண்மையா என்று சபையைக் கேட்டார்கள். ஆம் என்றதும் ஒரு றக்அத் தொழுதார்கள், ஸலாம் கொடுத்தார்கள், இரண்டு ஸுஜூது செய்தார்கள், மீண்டும் ஸலாம் கொடுத்தார்கள். அவ்வளவுதான். தொழுகை முதலிலிருந்து திரும்பத் தொழப்படவில்லை. இடைவெளி குறுகியதென்றால் விட்டதை மட்டும் நிறைவாக்கினால் போதும் என்பதே நமது மத்ஹபின் நிலையும். அன்று எழும்பிய ஹஸரத் சரியாகத்தான் எழும்பினார். தடுத்தவர்களுக்கு இந்த ஹதீஸ் தெரிந்திருக்கவில்லை.

அபூஹுரைரா (ரழி) அறிவிக்கும் துல்யதைன் சம்பவம் இன்னும் நுணுக்கமானது. இரண்டு றக்அத்தில் ஸலாம் கொடுத்துவிட்டு நபியவர்கள் பள்ளியிலிருந்த ஒரு மரத்தில் சாய்ந்து நிற்கிறார்கள், கோபமாக இருப்பவர்களைப் போல. சபையில் அபூபக்கரும் உமரும் (ரழி) இருக்கிறார்கள், ஆனால் பேசத் தயங்குகிறார்கள். அவசரக்காரர்கள் தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதென்று சொல்லிக்கொண்டு வெளியேறுகிறார்கள். துல்யதைன்தான் கேட்கிறார்: மறந்துவிட்டீர்களா, அல்லது தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா? இரண்டுமில்லை என்று முதலில் பதில் வருகிறது. அவர் பின்வாங்கவில்லை. நபியவர்களும் அதோடு விடவில்லை, மற்றவர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு முதலில் ஓர் ஆறுதல் வந்தது. தயங்கியவர்களில் அபூபக்கரும் உமரும் இருந்திருக்கிறார்கள். அடுத்த கணமே அந்த ஆறுதல் போய்விட்டது. இந்த ஹதீஸ் நிலைத்தது தயங்கியவர்களால் அல்ல, கேட்டவரால். அந்தக் கேள்வியின் அதபைக் கவனியுங்கள். ‘பிழை விட்டீர்கள்’ என்று அவர் சொல்லவில்லை. இரண்டு சாத்தியங்களை வைக்கிறார், இரண்டிலும் கண்ணியம் இருக்கிறது. “ஒங்களுக்கு இனி ஏலாது” என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கும் மூன்றாவது சம்பவத்தில் ஐந்து றக்அத் தொழப்படுகிறது. முடிந்ததும் சபையில் குசுகுசுப்பு. என்ன விஷயம் என்று நபியவர்களே கேட்கிறார்கள். தெரிந்ததும் கிப்லாவின் பக்கம் திரும்பி ஸுஜூது செய்கிறார்கள். பிறகு, நானும் உங்களைப் போல மனிதன்தான், உங்களைப் போலவே மறக்கிறேன், மறந்தால் எனக்கு நினைவூட்டுங்கள் என்ற கருத்தில் சொல்கிறார்கள். நினைவூட்டுவது அத்துமீறலல்ல, கேட்டுக்கொள்ளப்பட்ட ஒரு காரியம். கையேடுகள் இந்த ஹதீஸிலிருந்து ‘ஐந்து தொழுதால் ஸஹ்வு’ என்ற வரியை எடுத்துக்கொண்டன. ‘நினைவூட்டுங்கள்’ என்பதை விட்டுவிட்டன. ஒரு விமர்சகனாக என் முறைப்பாடு இதுதான்: சட்டத்தைப் பிழிந்தெடுத்து, அதில் நின்ற இரண்டு மனிதர்களை எறிந்துவிட்டார்கள். ஒருவர் வாய் திறக்கிற மஃமூம். மற்றவர் காது கொடுக்கிற இமாம்.

மூன்றாவது குறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸலாத்துக்கு முன்பா பின்பா என்ற விடயம். ஷாபிஈயில் முன்பு. ஹனபியில் ஸலாத்துக்குப் பின்பு. மாலிக்கியில் குறைந்தால் முன்பு, கூடினால் பின்பு. சில கையேடுகள் ஒன்றை மட்டும் எழுதி மற்றதைப் பிழை என்கின்றன. எப்படிச் செய்தாலும் தொழுகை கூடும், கருத்து வேறுபாடு எது சிறந்தது என்பதில்தான் என்று காழீ இயாழ் சொன்னதை இமாம் நவவி தமது முஸ்லிம் விரிவுரையில் எடுத்துச் சொல்கிறார். அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தால் எத்தனை பள்ளிகளில் சச்சரவு குறைந்திருக்கும்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வலது உள்ளங்கையை இடது புறங்கையில் தட்டுவது அவர்களுக்குரிய முறை என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. அப்படியானால் இமாமைத் திருத்தும் பொறுப்பு மார்க்கத்தில் அவர்களுக்கும் இருக்கிறது. நமது பள்ளிகளில் பெண்களுக்கு மேல்மாடி அறையும் ஒலிபெருக்கியும் வைத்திருக்கிறோம். இமாமின் சத்தம் அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் தட்டும் கை இமாமுக்குக் கேட்காது. கட்டடம் கட்டியவர்கள் ஸஹ்வுப் பாடத்தை மஃமூமின் பக்கமிருந்து படித்திருந்தால் இதையும் யோசித்திருப்பார்கள்.

பல வருடங்களுக்குப் பிறகு ஹஸரத்தை அவருடைய ஊரில் போய்ப் பார்த்தேன். அன்று எனக்குத் தெரிந்திருந்தது, நான்தான் சொல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நான் மறந்திட்டன் மகன். மறதிக்கு ரெண்டு ஸுஜூது இருக்கு. நீங்க மறக்கல்லியே” என்றார். கோபமில்லை. பாடம் சொல்லித் தருகிற அதே தொனி.

அத்தோடு சூறத்துல் மாஊனை எனக்கு விளக்கினார். தொழுகையாளிகளுக்குக் கேடு என்று தொடங்கும் இடத்தில் அல்லாஹ் ‘ஃபீ ஸலாத்திஹிம்’ என்று சொல்லவில்லை, ‘அன் ஸலாத்திஹிம்’ என்கிறான். தொழுகைக்குள்ளே மறப்பவர்களைப் பற்றிய எச்சரிக்கையல்ல அது, தொழுகையையே பொருட்படுத்தாமல் விடுபவர்களைப் பற்றியது. ‘ஃபீ’ என்றிருந்தால் நம்மில் யார் தப்புவோம்? முன்னோர்கள் இந்த ஓர் இடைச்சொல்லுக்காக அல்லாஹ்வைப் புகழ்ந்திருக்கிறார்கள். தமிழில் ‘தொழுகையில் மறதியாக இருப்போர்’ என்று எழுதினால் அந்த வேறுபாடு அழிந்துபோகும். ‘தம் தொழுகையைப் பற்றிக் கவலையற்றோர்’ என்று எழுதினால் நிற்கும். மொழிபெயர்க்கிறவர் ஒரு வேற்றுமை உருபில் எவ்வளவு பொறுப்பைச் சுமக்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கையேடு எழுதும் உலமாக்களிடமும் அச்சிடுவோரிடமும் நான் கேட்பது பெரிய காரியமல்ல. ஸஹ்வுப் பாடத்துக்கு இன்னும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முதலில் கிர்பாக்கின் சம்பவத்தையும் துல்யதைனின் கேள்வியையும் எழுதுங்கள், பிறகு சட்டங்களைத் தாருங்கள். ‘இமாம் மறந்தால் மஃமூம்’ என்று ஓர் உபதலைப்புப் போடுங்கள். திக்ருடைய நிய்யத்தோடு ‘ஸுப்ஹானல்லாஹ்’ சொல்ல வேண்டும் என்பதையும், சொல்கிறவருக்கு வயதெல்லை இல்லை என்பதையும், ஸலாத்துக்குப் பிறகு எப்படிப் பேச வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். ‘தண்டனை’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

அந்தப் பக்கங்கள் அன்று என் வீட்டுப் புத்தகத்தில் இருந்திருந்தால் நான் வாய் திறந்திருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல என்னால் ஏலாது. ஆனால் தெரியாது என்று சொல்லித் தப்ப எனக்கு இடமிருந்திருக்காது.