யானையைச் சுட்ட அதிகாரி

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'யானையைச் சுடுதல்' என்னும் கட்டுரையை ஏகாதிபத்திய எதிர்ப்பு எழுத்தாகவே பலரும் போற்றுவர். காவல் துறையில் தலைமைப் பொறுப்பேற்ற ஒருவனின் மன நெருக்கடியை அவன் வாயாலேயே கூறும் அரிய சான்றாகவும் அதனைக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல் அதிகாரியாகப் பணியாற்றியவர். கட்டுரையில் வருபவர் மோல்மீன் நகரத்துத் துணைக்கோட்டக் காவல் அதிகாரி. (நிகழ்ச்சி உண்மையா, புனைவா என வினவும் ஆய்வாளரும் உளர்; நமக்கு அது பெரிதன்று.) அவர் உள்ளத்தால் பர்மியர் பக்கம், உடுப்பால் ஆட்சியாளர் பக்கம். பந்தாட்டத்தில் ஒருவன் காலை வாரிவிட, நடுவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, கூட்டம் நகைக்கிறது. இந்த மனப்புழுக்கத்தைச் சக ஆங்கிலேயரிடம் வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. அம்மௌனமே அவரை அரிக்கிறது.

மதங்கொண்டு சங்கிலி அறுத்த யானை ஒரு கூலித் தொழிலாளியைக் கொன்றுவிடுகிறது. அதிகாரி துப்பாக்கியுடன் சென்று காணும்போதோ, அது அமைதியாகப் புல் தின்றுகொண்டிருக்கிறது. சுட வேண்டியதில்லை என அவர் தெளிவாக உணர்கிறார். ஆயினும் பின்னால் இரண்டாயிரம் பேர் நிற்கின்றனர்; வெறுங்கையோடு திரும்பினால் சிரிப்பர். அச்சிரிப்புக்கு அஞ்சியே சுடுகிறார். ஆணையிடுபவன், தன்னைப் பார்த்து நிற்போரின் எதிர்பார்ப்புக்கு அடிமையாகும் இவ்விடமே கட்டுரையின் உயிர்நிலை. சபை கூடலில் பிள்ளைகள் முன் நின்று, தவறெனத் தெரிந்தும் சொன்ன சொல்லை மீட்க இயலாமல் விழித்த தலைமையாசிரியர்களுக்கு இது நன்கு விளங்கும்.

வகுப்பில் இக்கட்டுரையைக் கூறினால் மாணவர் யானைக்காகவே இரங்குகின்றனர். இறந்த மனிதன் யார் என எவரும் கேட்பதில்லை. திராவிட இனத்து இந்தியக் கூலி என்கிறார் ஆர்வெல். கொரிங்கிக் கூலியைவிட யானை மதிப்புடையது என இளைய ஆங்கிலேயர் பேசிக்கொள்கின்றனர். கோரங்கி, ஆந்திரக் கரையோரத் துறைமுகம்; அங்கிருந்து கப்பலேறியோரைப் பர்மாவில் அப்பெயரால் அழைத்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா வந்த நம் முன்னோருக்கும் அவனுக்கும் துறைமுகந்தான் வேறு.

அவன் சாவு தமக்குச் சட்டப் பாதுகாப்பாயிற்று என மகிழ்ந்ததை ஆர்வெல் மறைக்கவில்லை. அந்நேர்மை பாராட்டுக்குரியது. எனினும் அதிகாரியின் நெஞ்சில் ஓடிய எண்ணமெல்லாம் பதிவாகியுள்ளது. யானை விழுந்து துடித்த ஒவ்வொரு கணமும் பதிவாகியுள்ளது. யானையின் உரிமையாளர் சினந்ததும் இடம்பெற்றுள்ளது. இறந்தவனுக்குப் பெயரில்லை. அவன் வீட்டாரைப் பற்றி ஒரு வரியுமில்லை.