எறும்பும் வெள்ளித் துகளும்

தேவர்கள் எறும்பாகி ஏறியதாகத் தலபுராணம் சொல்லும் திருவெறும்பூர் மலையில், சுவரோரம் ஒற்றை எறும்பைப் பார்த்து நிற்பேன். சாரையாகப் போனால் வெறும் கறுப்புக் கோடு. தனியே பார்த்தால்தான் அது தயங்குவதும் திரும்புவதும் தெரியும்.

மூலக்கூறும் அப்படித்தான். செல்லுக்குள் சரக்கு சுமக்கும் கைனசின் புரதம் அடிக்கு 8 நானோமீட்டர் வீதம் நடப்பதை 1993-இல் லேசர் ஒளியால் பிடித்து அளந்தார்கள்.

காவிரிக்கு அக்கரையில், திருவானைக்காவலில் பிறந்த இயற்பியலாளர் சி. வி. ராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறலோ மிகச் சன்னம். கோடி ஃபோட்டானில் ஒன்று தேறினாலே அதிகம். அதைக்கொண்டு 1997-இல் ஒற்றை மூலக்கூறையே அடையாளம் கண்டார்கள். வெள்ளித் துகளில் அதை ஒட்டவிட்டதும் சமிக்ஞை பல கோடி மடங்கு பெருகியது. நம் கொலுசு வெள்ளியேதான்! சமிக்ஞை சீராகவும் வராது. மினுக்கும், அணையும், சற்றுப் பொறுத்து மறுபடி மினுக்கும்.