வேகம் மட்டும் போதுமா? எஸ்ஆர்-ஐஓவி பற்றிய நம் வகுப்புக் குறிப்புகள்: ஒரு திறனாய்வு



மெய்நிகராக்கப் பாடத்தில் ஒரு வரி திரும்பத் திரும்ப வருகிறது: "எஸ்ஆர்-ஐஓவி இருந்தால் ஹைப்பர்வைசர் தேவையில்லை, நெட்வொர்க் வேகமாகும்." நானும் பல ஆண்டுகள் இதையே எழுதிப் போட்டவன்தான். வரியின் பிற்பாதி சரி. முற்பாதி தவறு. அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போமா?

முதலில் சரியான பாதி. ஒரு சர்வரில் பத்து மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. நெட்வொர்க் கார்டு ஒன்றுதான். வழக்கமான முறையில், வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஹைப்பர்வைசரில் உள்ள மென்பொருள் சுவிட்ச் வாங்கி, யாருக்கு என்று பார்த்து, உரிய கணினியின் நினைவகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதில் என்ன சிரமம்? கணக்குப் போட்டுப் பாருங்க. 10 கிகாபிட் இணைப்பில் 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 14.88 மில்லியன். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது சுமார் 67 நானோநொடி. 3 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது ஏறக்குறைய 200 கடிகாரத் துடிப்புகள். அதற்குள் வாங்கிப் பிரித்துக் கொடுத்து முடிக்க வேண்டும். ஒரு கோர் திணறிப்போகும்.

இதை விளக்க நம்மில் பலர் அடுக்குமாடி உவமையைச் சொல்கிறோம். காவலர் எல்லாக் கடிதங்களையும் வாங்கி, வீடு வீடாகப் பார்த்து, மாடி ஏறிக் கொடுப்பது பழைய முறை. கடிதங்கள் வீட்டு எண்படி பிரிந்தே வந்தாலும் அவர்தான் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும் என்றால், அது விஎம்டிகியூ. கீழ்த்தளத்தில் வீட்டுக்கு ஒரு தபால் பெட்டி வைத்துவிட்டால், அது எஸ்ஆர்-ஐஓவி. பிசிஐ-சிக் அமைப்பு 2007-இல் வெளியிட்ட இந்தத் தரத்தின்படி, ஒரே கார்டு ஒரு முதன்மைச் செயல்கூறாகவும் பல மெய்நிகர்ச் செயல்கூறுகளாகவும் தன்னைக் காட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மெய்நிகர்க் கணினியும் ஒன்றை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும்.

நல்ல உவமைதான். ஆனால் இரண்டு இடங்களில் சறுக்குகிறது.

ஒன்று, தபால் பெட்டி வந்ததும் காவலர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார். போகவில்லை. மெய்நிகர்ச் செயல்கூறுகளை உருவாக்குவதும், எது யாருக்கு என்று ஒதுக்குவதும், மேக் முகவரியையும் விலேனையும் கட்டுப்படுத்துவதும் ஹைப்பர்வைசரின் பக்கம்தான். கார்டு நேரடியாக நினைவகத்தில் எழுதுகிறதே, பக்கத்து வீட்டு நினைவகத்தில் எழுதிவிட்டால்? அதைத் தடுப்பது ஐஓஎம்எம்யு. இன்டெலில் விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-வி-ஐ என்பார்கள். அதற்கான வரைபடத்தை எழுதுவது யார்? அதே ஹைப்பர்வைசர். காவலர் கடிதம் சுமப்பதை நிறுத்தினார். சாவிக்கொத்து இன்னும் அவர் இடுப்பில்தான்.

இரண்டாவதை எனக்குக் காட்டியது ஒரு மாணவி. "ஐயா, அந்தக் குடும்பம் வேற புளோக்குக்கு மாறிப் போயிட்டா கடிதம் என்ன ஆகும்?" நான் நின்றுவிட்டேன். பாடத்தின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர்க் கணினியை நிறுத்தாமல் வேறு சர்வருக்கு மாற்றுவது மெய்நிகராக்கத்தின் பெரிய பலம். வன்பொருளோடு நேரடியாகக் கட்டிவிட்டால் அந்தப் பலம் ஆட்டம் காண்கிறது. கணினியின் நிலையில் ஒரு பகுதி அந்தக் கார்டுக்குள்ளேயே இருக்கிறது.

இங்கேதான் ஹைப்பர்வைசர்கள் வேறுபடுகின்றன. விஎம்வேர் 2012-இல் விஸ்பியர் 5.1-இல் எஸ்ஆர்-ஐஓவியை ஏற்றது. ஆனால் அதைப் பயன்படுத்தும் கணினிக்கு விமோஷன் இல்லை என்றது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் சர்வர் 2012-இன் ஹைப்பர்-வி மாற்று வழி வைத்தது: இடம் மாறும்போது மென்பொருள் பாதைக்குத் திரும்பு, போய்ச் சேர்ந்த இடத்தில் வசதி இருந்தால் மறுபடி நேரடிப் பாதையைப் பிடி. லினக்ஸும் 2018-இல் 4.18 பதிப்பில், விர்ச்சியோவைத் துணைப் பாதையாக வைக்கும் இதே போன்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. என் பார்வையில் இரண்டு பாதைகளையும் வைத்துக்கொள்ளும் முறையே சிறந்தது. கூடுதல் சிக்கல் உண்டு. ஆனால் வேகத்துக்காக அடிப்படைப் பலத்தை விற்கவில்லை.

இன்னொன்றையும் குறிப்பில் சேருங்கள். பாக்கெட் மென்பொருள் சுவிட்ச் வழியே போகாததால், அந்தச் சுவிட்சில் நாம் வைத்திருந்த தீயரணும் கண்காணிப்பும் அதைப் பார்க்காது.

ஆகவே மாணவர்களே, தேர்வில் "வேகம்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீங்க. தரவு ஹைப்பர்வைசரைத் தாண்டிச் செல்கிறது, கட்டுப்பாடு அதனிடமே இருக்கிறது, விலையாக இடமாற்றமும் கண்காணிப்பும் கடினமாகின்றன: இந்த மூன்றும் விடையில் இருக்கட்டும். ஆசிரியர்களே, அடுக்குமாடி உவமையைக் கைவிட வேண்டாம். அது உடையும் இடம் வரை மாணவரை அழைத்துப் போங்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.