ஊர்ப் பெயர்ப் பட்டியலும் ஆங்கில ஒலிகளும்

கும்மிடிப்பூண்டி இரயில் நிலையத்தின் ஆங்கிலப் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? 'பூ'வுக்கு அங்கே 'யு' என்னும் ஒற்றை உயிரெழுத்து. அதே ஊர்ச் சிப்காட் தொழிற்பேட்டையின் பெயரிலோ இரட்டை 'ஓ'. திருவள்ளூரின் முதலெழுத்தும் 'டீ' என்றும் 'டீ-எச்' என்றும் இருவகையாக எழுதப்படுகிறது. இத்தகைய பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்பத் திருத்த விரும்பிய தமிழக அரசு, 2020 ஜூனில் 1018 ஊர்களின் புதிய எழுத்துக்கூட்டல் பட்டியலை வெளியிட்டது. கண்டனங்கள் எழவே, சில நாட்களில் அதனைத் திரும்பப் பெற்றது.

பட்டியலின் நோக்கத்தில் குறையில்லை. தூத்துக்குடியை 'டூட்டிகொரின்' என்று எழுத வேண்டிய தேவை இன்று யாருக்கும் இல்லை. ஆனால் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் நிலையான ஒலி உண்டு என்ற எண்ணத்தின்மேல் அது கட்டப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. இங்கிலாந்து அகராதிகள் காட்டும் ஒலியன்களோ 44. அவற்றுள் உயிரொலிகள் மட்டும் 20. எனவேதான் 'மூன்', 'புக்', 'பிளட்', 'டோர்' ஆகிய சொற்களில் இரட்டை 'ஓ' நான்கு விதமாக ஒலிக்கிறது.

கோயம்புத்தூரை எடுத்துக்கொள்வோம். 'த்தூ'வைக் காட்டப் பட்டியல் 'டீ-எச்' இணையை இருமுறை இட்டது. ஒரு சோதனை செய்து பாருங்கள். 'புத்தூர்' என்று தொடங்கி 'த்'தில் நில்லுங்கள். நாக்கு பல்லை அடைத்துக்கொள்ளும், ஓசை வராது. அது தடையொலி. ஆங்கிலேயர் 'திங்க்' என்பதன் முதல் ஒலியை மூச்சுள்ளவரை நீட்டலாம். நாவுக்கும் பல்லுக்கும் இடையே காற்று உரசிச் செல்லும். அது உரசொலி. இரண்டும் ஒன்றல்ல. இரட்டிப்பாலும் பயனில்லை. 'டின்னர்' என்பதில் இரண்டு 'என்' எழுதினாலும் ஆங்கிலேயர் ஒலிப்பது ஒன்றே. முன்னுள்ள உயிர் குறில் என்பதற்கு அது அடையாளம்.

எழும்பூரின் ழகரத்துக்குப் பட்டியல் தந்தது 'இசட்-எச்'. ஆங்கிலேயர் அதை 'விஷன்' என்ற சொல்லின் இடையில் வரும் உரசொலியாகவே படிப்பார். அமெரிக்கர் நா வளைத்துச் சொல்லும் 'ஆர்' ழகரத்துக்கு இன்னும் அண்மையானது.

அழுத்தம் என்ற சிக்கலும் உண்டு. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் உயிர் ஓங்க, மற்றவை பெரும்பாலும் தேய்ந்து மங்கும். கும்மிடிப்பூண்டியின் ஐந்து உயிர்களும் அவர் வாயில் தம் அளவோடு நிற்பதில்லை.

பெயர்ப் பலகை ஆங்கிலேயருக்கா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் வடமாநிலத் தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். இந்திப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது 'டீ' தனித்தே தகரத்தைக் குறிக்கும்; 'டீ-எச்' என்றால் மூச்சு மிகுந்த வேறோர் ஒலி. ஆக, ஒரே இணைக்கு மூன்று ஒலிப்புகள்!

ஒலியைத் துல்லியமாகக் காட்டச் சிறப்புக் குறிகள் வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதலே அத்தகைய முறையைக் கையாண்டது. பலகைக்கு வேண்டுவது அதுவன்று. இரயில் நிலையம், அஞ்சல், ஆவணம் எல்லாவற்றிலும் ஓர் ஊருக்கு ஒரே எழுத்துக்கூட்டல். பட்டியல் இதைத் தன் குறிக்கோளாகக் கொண்டிருந்தால் பயன் விளைந்திருக்கும்.

ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டிப் படித்துத் தடுமாறும் மாணவர்களும் தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை. அகராதியில் சொல்லை அடுத்துள்ள ஒலிப்புக் குறிகளைப் பார்த்துப் பழகுங்கள்.